பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ற் அடித்த இரும்பு

முறிந்துபோன தண்ணீர்த் தாங்கி ஸ்ராண்டின் இரும்புக் காலில் ஒரு சாண் துண்டை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறேன். ஸ்டோர் அறை அலுமாரிக்கு மேலே பழைய சாரத் துணி ஒன்றில் சுற்றிக் கிடக்கிறது. மனைவி இரண்டு தடவை அதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கப் பார்த்தாள், நான் விடவில்லை. வெளிப்பக்கத்தில் பச்சைப் பெயின்ற் இப்போதும் மினுங்குகிறது. நகத்தால் தள்ளினால் தோல் உரிவதுபோல ஒரு படை உரியும், கீழே இன்னொரு பச்சை, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே முதல் பூச்சாக அடிக்கிற ரெட் ஒக்சைட்டின் செங்காவி நிறம், அப்புறம் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஏடு ஏடாகப் பிரிகிற கறள். கையில் வைத்து நெரித்தால் பப்படம்போல நொறுங்குகிறது.

எங்கள் வீடு மட்டக்களப்பில் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற அந்த ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு திரும்பக் கட்டியது. 2006இல் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஆங்கிள் இரும்பால் பன்னிரண்டு அடி உயரத்துக்கு நாலு கால் ஸ்ராண்ட் ஒன்று செய்து, அதன்மேல் 1000 லீற்றர் தாங்கியை வைத்தோம். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு தொன். அந்த ஸ்ராண்டுக்கு அப்பா ஒவ்வொரு வருசமும் பொங்கலுக்கு முன் தன் கையாலேயே பெயின்ற் அடிப்பார். சுவருக்கு ஆள் பிடிப்போம், இரும்புக்கு மட்டும் அவர்தான். ஏணியில் ஏறி, தூரிகையைப் பழைய தேங்காய்ச் சிரட்டையில் துடைத்துத் துடைத்து, ஒரு மூலை விடாமல் அடிப்பார். பதினைந்து பொங்கல் அப்படிப் போனது.

2021 ஐப்பசியில் ஒரு விடியற்காலை, மழை தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது, கடல் பக்கத்துக் கால் அடியில் முறிந்து தாங்கி சுவரில் போய்ச் சாய்ந்தது. குழாய்கள் எல்லாம் பிய்ந்து முற்றம் முழுக்கத் தண்ணீர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தங்கச்சியின் மகன் முதல் நாள் பின்னேரம் வரைக்கும் அதன் கீழேதான் மண்ணில் வீடு கட்டிக்கொண்டிருந்தான் என்பதை நினைத்தால் இப்போதும் கை குளிர்கிறது. விடிந்ததும் அப்பா அந்தக் காலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, பெயின்ற் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார். “வருசா வருசம் அடிச்சேனே மனே.”

அந்த ஒரு வார்த்தைதான் என்னை விடவே இல்லை. கவனிக்காமல் விட்ட இரும்பு உக்கினால் அது நியாயம். பதினைந்து வருசம் பிள்ளையைப்போலப் பார்த்த இரும்பு, வெளியே ஒரு புள்ளிகூடக் காட்டாமல் உள்ளுக்குள் இல்லாமல் போனால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர் அதைத் தன்னுடைய பிழை என்று எடுத்துக்கொண்டார், எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

ஆளுக்கொரு காரணம்

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காரணம் சொன்னார்கள். பெயின்ற் கலப்படம் என்றார் ஒருவர், இப்போது வருகிற இரும்பே சரியில்லை என்றார் இன்னொருவர். கடற்கரைக் காற்றுக்கு இரும்பு நிற்காது, கொங்கிறீற் தூண் போட்டிருக்க வேண்டும் என்று மச்சான் சொன்னான். கடைசிக் காரணம் எங்கள் ஊரில் யாரும் மறுக்காதது. ஆனால் தினமும் பின்னேரம் நான் நடக்கப் போகிற இடம் பழைய கல்லடிப் பாலம். 1924இல் திறந்தது, மானிங் ஆளுநரின் மனைவி பெயரை வைத்த அதே பாலம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்து வாகனப் பாரம் எல்லாம் அதற்கு மாறிவிட்டது, பழையது இன்னும் நிற்கிறது. அதன் இரும்பு எங்கள் ஆங்கிளைவிட எத்தனையோ மடங்கு தடிப்பு, பராமரிக்க அரசாங்கம் இருந்தது, எங்கள் ஸ்ராண்டோடு ஒப்பிடுவது சரியில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அதே வாவி, அதே உப்புக் காற்று. கடற்கரை என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போக அந்தப் பாலம் என்னை விடவில்லை.

முறிந்த ஸ்ராண்டைப் பிரித்து முற்றத்தில் போட்டபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மழையும் வெயிலும் நேரே படுகிற மேல் பாகங்கள்தான் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் அவை ஓரளவுக்கு உரமாக இருந்தன. தாங்கிக்கு நேர் கீழே, மழை படவே படாத குறுக்குச் சட்டங்களின் அடிப்பக்கம்தான் பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது. அடுத்தது கால்கள் சிமெந்துக்குள் இறங்குகிற இடம். இன்னொரு விசயம், முறிந்த கால் அந்த இடத்தில் மெலிந்திருக்கவில்லை, தடித்திருந்தது. கறள் தான் தின்ற இரும்பைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கத்தின் மேல் வருசா வருசம் பெயின்ற் ஏறி ஏறி மேடு பள்ளம் எல்லாம் மழமழப்பாகியிருந்தது. பார்க்கிறவருக்கு நல்ல பருமனான கால்.

நாக்கில் வைத்த விரல்

அப்பாவுக்கு அடுத்த பொங்கலுக்கு முன் புது ஸ்ராண்டை நிறுத்திவிட வேண்டும் என்று அவசரம். மார்கழியில் புது ஆங்கிள் இரும்பு வாங்கி முற்றத்தில் மரக்கட்டை மேல் அடுக்கினோம். நீலக் கருப்பாக, ஒரு கறள் புள்ளி இல்லாமல், பார்க்கவே ஆசையாக இருந்தது. இரண்டு கிழமை அங்கே கிடந்தது. வெல்டிங் வேலைக்குக் காத்தான்குடியில் இருந்து ஒரு காக்கா வந்தார் (மூத்த முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்). கட்டாரில் பதினொரு வருசம் கப்பல் பட்டறையில் இரும்புக்கு மணல் அடித்துப் பெயின்ற் பூசுகிற வேலை செய்துவிட்டு வந்தவர், அறுபதைத் தாண்டிய மனிதர். அவர் வருவதற்குள் அப்பா ரெட் ஒக்சைட் ரின்னைத் திறந்து கலக்கத் தொடங்கிவிட்டார். ஒட்டுவதற்கு முன்னமே ஒரு கை அடித்துவிட்டால் நல்லதுதானே என்பது அவருடைய கணக்கு.

காக்கா இரும்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அடுக்கின் நடுவில் இருந்த ஒரு சட்டத்தின் அடிப்பக்கம் சுட்டுவிரலை நீளமாக இழுத்து, விரலைத் தன் நாக்கில் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “தம்பி, நீங்களும் ஒருக்கா வெச்சுப் பாருங்க” என்றார். வைத்தேன். கரித்தது. நல்லாவே கரித்தது. மினுங்குகிற புது இரும்பு, வாங்கி இரண்டு கிழமை, ஒரு துளி கடல் தண்ணீர் அதன்மேல் பட்டதை யாரும் பார்க்கவில்லை. காற்று மட்டும்தான் பட்டது.

(பழைய பெயின்ற் உள்ள இரும்பில் இதைச் செய்யாதீர்கள். பழைய பெயின்ற்களில் ஈயம் இருக்கலாம். உரசும்போதும் மூக்கை மூடிக்கொண்டுதான் உரச வேண்டும்.)

அப்பாவும் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ரெட் ஒக்சைட் ரின்னை மூடி ஓரமாக வைத்தார். காக்கா அவரிடம் மெதுவாக, “இதுக்கு மேல நீங்க எத்தின கோட் அடிச்சாலும் உப்பத்தான் மூடி வெக்கிறீங்க” என்றார். 2006இலும் அப்படித்தான் இரும்பு முற்றத்தில் கிடந்தது, அப்படித்தான் நேரே எடுத்து அடித்தோம் என்பது எனக்கு அந்த நிமிசம்தான் உறைத்தது. வீடு கட்டுகிற அவசரத்தில் அது ஒரு மாதத்துக்கு மேல் கிடந்திருக்கும். பிழை அப்பாவின் பதினைந்து வருசப் பெயின்ற்றில் தொடங்கவில்லை. முதல் பூச்சுக்குக் கீழேயே அது தோற்றுவிட்டது.

எவ்வளவு உப்பு அதிகம் என்பதற்கு உலகத்தில் கணக்கு இருக்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். கப்பல்களின் கடல்நீர்த் தொட்டிகளுக்குப் பெயின்ற் பூசும்போது ஒரு சதுர மீற்றர் இரும்பில் 50 மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருக்கக்கூடாது என்று சர்வதேச கடல்சார் அமைப்பு விதி வைத்திருக்கிறது. ஒரு தேக்கரண்டி உப்பு கிட்டத்தட்ட ஆறு கிராம். அதை 120 சதுர மீற்றர் இரும்பில் ஒரே சீராகத் தூவினால் அந்த எல்லை வந்துவிடும். ஒரு வீட்டின் தரையைவிடப் பெரிய பரப்பு அது. அந்த அளவு உப்பு நாக்குக்குத் தெரியவே தெரியாது. நாக்கே உணர்கிற அளவு இருந்தது என்றால் எங்கள் முற்றத்து இரும்பு எல்லையை எங்கேயோ தாண்டிப் போயிருந்தது என்றுதான் அர்த்தம். கரிக்கவில்லை என்பதற்காகச் சுத்தம் என்றும் நம்ப முடியாது, இதையும் காக்காதான் சொன்னார்.

பெயின்ற் தண்ணீரைத் தடுப்பதில்லை

எனக்கு இருந்த பெரிய தப்பெண்ணம் இதுதான். பெயின்ற் ஒரு மழைக்கோட்டு மாதிரி, தண்ணீரும் காற்றும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். அநேகமாக எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் மேய்ன் என்ற ஆய்வாளர் இதை அளந்து பார்த்திருக்கிறார். சாதாரணப் பெயின்ற் படலத்துக்குள்ளால் போகிற தண்ணீரும் ஒட்சிசனும், பெயின்ற்றே இல்லாத இரும்பு கறள் பிடிக்கத் தேவையான அளவுக்கு இருக்கிறது. அப்படியென்றால் பெயின்ற் பூசிய இரும்பு எப்படித் தப்புகிறது? கறள் பிடிப்பது ஒரு மின்கல வேலை. இரும்பின் ஓரிடத்தில், பள்ளிக்கூடத்தில் அனோட்டு என்று படித்தோமே அங்கே, இரும்பு கரைந்து இலத்திரனை விடுகிறது. இன்னோரிடத்தில் தண்ணீரும் ஒட்சிசனும் அந்த இலத்திரனை வாங்கிக்கொள்கின்றன. இரண்டு இடத்துக்கும் நடுவே அயன்கள், அதாவது மின்னேற்றம் உள்ள நுண்துகள்கள், ஓடினால்தான் சுற்றுப் பூர்த்தியாகும். நல்ல பெயின்ற் அந்த ஓட்டத்துக்குத்தான் பெரிய தடை. தண்ணீர் நுழையும், ஆனால் அயன்கள் சுலபமாக ஓடாது, அதனால் கறள் கிட்டத்தட்ட நின்றுபோகும். பெயின்ற் இரும்பை இறுக்கிப் பிடித்திருந்தால், நுழைந்த தண்ணீர் தேங்குவதற்கு அங்கே இடமும் இருக்காது.

இப்போது அந்தப் படலத்துக்குக் கீழே முன்னமே உப்பு இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தண்ணீர் எப்படியும் உள்ளே வரும், வந்து உப்பைக் கரைக்கும், சுற்று பெயின்ற்றுக்குக் கீழேயே பூர்த்தியாகிவிடும். பெயின்ற் இனி எதற்கும் குறுக்கே நிற்பதில்லை, மேலே ஒரு மூடியாக மட்டும் இருக்கிறது. அதோடு உப்பு சும்மா இருக்காது. கருவாட்டுக்குப் போட்ட உப்பு மீனுக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கிறதே, அதே மாதிரி பெயின்ற்றுக்குக் கீழே உள்ள உப்பு வெளியில் இருக்கிற தண்ணீரைப் படலத்துக்குள்ளால் இழுக்கும். அந்தத் தண்ணீர் தேங்கித்தான் பெயின்ற் கொப்புளம் போடுகிறது. இதில் என்னைக் கலங்கவைத்தது வேறொன்று, உப்பில் இருக்கிற குளோரைட்டு இந்த வேலையில் செலவாகாது. இரும்போடு சேரும், பிரியும், திரும்ப அடுத்த இரும்புக்குப் போகும். 2006இல் மூடி வைத்த அதே உப்பே 2021 வரைக்கும் வேலை செய்திருக்க முடியும்.

மாரியில் அடுப்படி உப்புப் போத்தல் தானாகவே கசிவதை எல்லாரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றில் இருந்தே தண்ணீரை எடுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது, அதற்கு 33 வீதமே போதும். மட்டக்களப்பில் காற்று அவ்வளவுக்குக் காய்கிற நாள் எனக்கு நினைவில்லை. ஆக எங்கள் ஊர் இரும்பில் படிந்த உப்பு மழையே பெய்யாவிட்டாலும் ஈரமாகத்தான் இருக்கும். மழை படாத குறுக்குச் சட்டம் ஏன் முதலில் போனது என்பதும் இதில் விளங்கியது. மழை எங்களுக்கு எதிரி இல்லை, அது உப்பைக் கழுவிவிடுகிறது. தாங்கியின் நிழலில் இருந்த சட்டத்தைப் பதினைந்து வருசம் ஒருவரும் கழுவவில்லை. வீட்டுக் கேற்றைக் குனிந்து பார்த்தேன், அங்கேயும் போர்ட்டிக்கோ நிழலில் நிற்கிற பாதிதான் கெட்டிருக்கிறது. ஊருக்குள் நடக்கும்போது இப்போது என் கண் கூரைக்குக் கீழே இருக்கிற கம்பிகளுக்குத்தான் முதலில் போகிறது.

கால் அடி முறிந்ததற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. நனைவதும் காய்வதும் மாறி மாறி வருகிற இடம்தான் இரும்புக்கு மிகக் கொடுமையான இடம். முழுக்க மூழ்கிக் கிடந்தால்கூட அவ்வளவு வேகம் இல்லை. எங்கள் கடலுக்கு வெளியே 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே இன்னும் கப்பல் என்று அடையாளம் காணும்படி கிடக்கிறது. துறைமுகத் தூண்களிலும் அலை ஏறி இறங்குகிற பட்டைதான் முதலில் உக்கும். எங்கள் சிமெந்துப் பீடம் நடுவில் கொஞ்சம் குழிந்திருந்தது. மேலே இருந்து வழிகிற பனி ஈரம் உப்பையும் கொண்டுவந்து அந்தக் குழியில் தேங்கி, காய்ந்து, திரும்பத் தேங்கி வந்திருக்கிறது.

கழுவுவதே பாதி வேலை

காக்கா சொன்ன ஒழுங்கு எனக்குப் புதிதாக இருந்தது. முதலில் கழுவு, பிறகு உரசு, திரும்பக் கழுவு, காய்ந்த அன்றைக்கே முதல் பூச்சு. உரசிவிட்டுக் கழுவினால் போதாதா என்று கேட்டேன். கிரைண்டரில் கம்பித் தூரிகையை மாட்டி உரசும்போது மேலே இருக்கிற உப்பு சிறு குழிகளுக்குள் அழுந்திவிடும், மேற்பரப்பு மினுங்கும், குழிக்குள் உப்பு அப்படியே இருக்கும் என்றார். கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம் என்றார். கடற்கரைப் பக்கத்துக் கிணறு, எங்கள் கிணறே உவர். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீரால்தான் மூன்று தடவை கழுவினோம், கொஞ்சம் சோப்பும் போட்டுத் தேய்த்து. அப்பா ஹோஸைப் பிடித்தார், நான் தேய்த்தேன்.

அந்த நீலக் கருப்பு மினுக்கமும் வேண்டாத சாமான்தான். இரும்பைச் சூட்டில் உருட்டும்போது மேலே உண்டாகிற ஒக்சைட் ஓடு அது. நல்ல காப்புப்போலத் தெரியும், ஆனால் இரும்போடு ஒப்பிட்டால் அது இலத்திரனை வாங்குகிற கதோட்டுப் பக்கம். எங்காவது ஒரு வெடிப்பு விழுந்தால் சுற்றியுள்ள ஓடு முழுக்கச் சேர்ந்து அந்தச் சின்ன வெடிப்பில் இருக்கிற இரும்பைக் கரைக்கும், நாளடைவில் ஓடும் கழன்று பெயின்ற்றையும் கொண்டுபோகும். மணல் அடித்தால் அரைமணி வேலை. இங்கே அதற்கு வசதி இல்லாததால் கிரைண்டரால் நாலு நாள் பாடுபட்டோம். முழுக்க எடுக்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெயின்ற்றைப் பற்றி நீட்ட விருப்பமில்லை, கடையில் ரின்னிலேயே எழுதியிருக்கும். இரண்டு விசயம் மட்டும் சொல்கிறேன். ரெட் ஒக்சைட்டின் நிறத்தைக் கண்டு அதில் கறளைத் தடுக்கிற மருந்து இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். அந்தச் சிவப்பு வெறும் இரும்பு ஒக்சைட், அது நிறமும் தடிப்பும்தான் தரும். கறளைத் தடுக்கிற சிங்க் பொஸ்பேற் சேர்த்த இரண்டு பாகம் கலக்கிற எப்பொக்ஸி முதல் பூச்சு, அதன்மேல் இன்னொரு எப்பொக்ஸி, எப்பொக்ஸி வெயிலில் மாவாகிவிடும் என்பதால் கடைசியாகப் பொலியூரித்தேன் என்கிற வெயில் தாங்கும் பூச்சு, இப்படித்தான் நாங்கள் போட்டோம். இரண்டாவது, தடிப்பு. எனாமலை ஒரு கை இழுத்தால் காய்ந்தபின் 30, 40 மைக்ரோன்தான் இருக்கும், தலைமயிரின் பருமனில் பாதி. கடலோரத்துக்கு இரண்டு, மூன்று நூறு மைக்ரோன் வேண்டும். காக்காவிடம் சீப்புப்போலப் பல் வெட்டிய ஒரு சின்னத் தகடு இருந்தது, ஈரப் பெயின்ற்றில் குத்தினால் எந்தப் பல் வரைக்கும் நனைந்தது என்று தடிப்பு தெரியும். அதில் பாதி திரவம், ஆவியாகிப் போய்விடும், மீதிப் பாதிதான் உங்களுக்கு என்றார். தின்னர் கூட்டி இழுத்து அடித்தால் யாருக்கு நட்டம் என்று அந்தத் தகடு காட்டிக்கொடுத்தது. ஆங்கிளின் கூர் விளிம்புகள், போல்ட், வெல்டிங் தழும்பு எல்லாவற்றுக்கும் முதலில் சின்னத் தூரிகையால் தனியாக ஒரு பூச்சு. விளிம்பில் பெயின்ற் நிற்காது, இரண்டு பக்கமும் ஒதுங்கி மெலிந்துவிடும், கறள் அங்கேதான் கண் திறக்கும்.

ஜி.ஐ. குழாயில் கேற் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் குழாயின் நாகப் (சிங்க்) பூச்சின்மேல் சாதாரண எனாமலை நேரே அடித்தால் நாகமும் எனாமலில் உள்ள எண்ணெயும் சேர்ந்து சவர்க்காரம் மாதிரி ஒரு படை உண்டாகி, ஒன்றிரண்டு வருசத்தில் தாள் தாளாக உரியும். பெயின்ற் கள்ளம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறோம். பாவம் அவர்.

பொங்கலும் கச்சானும்

எல்லாவற்றையும்விடச் சொல்லக் கஷ்டமாக இருந்தது இதுதான். இரும்பின் வெப்பநிலை பனி படிகிற நிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இரும்புக்குப் பெயின்ற் அடிக்கிறவர்களின் அடிப்படை விதி. மார்கழியிலும் தை பிறக்கும்போதும் மட்டக்களப்பில் எத்தனை நாள் அப்படி இருக்கும்? வாடைக்காற்றும் மழையும், இடையில் விட்ட நாளில் விடியப் பனி. கைக்கு உலர்ந்ததுபோல இருக்கிற இரும்பில் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் இருக்கும். பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கிற வழக்கம் சுவருக்குச் சரி, இரும்புக்கு வருசத்திலேயே கெட்ட மாதம் அதுதான். பதினைந்து வருசமும் அப்பா அந்த மாதத்தில்தான் அடித்தார். ஆசையோடு அடித்தார், எனக்கு நல்ல ஞாபகம்.

காக்கா கச்சான் வரட்டும் என்றார். மேற்கில் இருந்து நிலத்துக்கு மேலாகக் காய்ந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்று, மே தொடங்கி ஓகஸ்ட் வரைக்கும் எல்லாரும் திட்டுகிற காற்று, பெயின்ற்றுக்கு அருமையான காற்றாம். அதிலும் காலை எட்டுக்குப் பிறகு பதினொன்றுக்குள், வெயில் ஏறி இரும்பு சுடுவதற்கு முன், பின்னேரக் கடற்காற்று உப்பைக் கொண்டுவருவதற்கும் முன். அப்பா ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரும்பை எடுத்துக் கூரைக்குக் கீழே கல் அடுக்கி ஏற்றி வைத்து மூடினோம். தாங்கியைத் தரையில் வைத்து ஆறு மாதத்துக்கு மேல் வாளியால் அள்ளினோம், அம்மாவின் நாரிப் பிடிப்பு அந்த மாதங்களில்தான் கூடியது, அவ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். 2022, எல்லா விலையும் மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்த காலம். பெயின்ற்றை ஜனவரியிலேயே வாங்கி வைத்ததால் தப்பினோம், இல்லாவிட்டால் அந்த வேலையே நடந்திருக்காது. ஆடியில் பெற்றோல் வரிசைக்கு நடுவே காக்கா சைக்கிளில் வந்து வேலையை முடித்துக் கொடுத்தார்.

ஸ்கொட்லாந்தில் போர்த் ரயில் பாலம் என்று ஒன்று இருக்கிறது, 1890இல் திறந்தது. ஒரு முனையில் இருந்து பெயின்ற் அடித்துக்கொண்டு மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனை கெட்டுவிடும், திரும்பத் தொடங்க வேண்டும் என்று அந்த ஊரில் பேச்சு வழக்கே உண்டு. 2002இல் தொடங்கி 2011 முடியும்வரை அந்தப் பாலத்தின் பழைய படைகளை எல்லாம் வெறும் இரும்பு தெரியும் வரைக்கும் அடித்து எடுத்துவிட்டு, கண்ணாடிச் செதில் கலந்த எப்பொக்ஸியைப் பூசினார்கள். கடலில் நிற்கிற எண்ணெய் மேடைகளுக்குப் பூசுகிற வகை அது. இனி 25 வருசமாவது தொட வேண்டியதில்லை என்று கணக்கு. இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அவங்களுக்கும் நூறு வருசம் எடுத்திருக்கு” என்றார். ஐப்பசிக்குப் பிறகு இந்தப் பேச்சில் அவர் முகம் கொஞ்சம் இளகியது அன்றைக்குத்தான்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ராண்டைக் கழுவுகிறோம். தாங்கிக்குக் கீழே உள்ள சட்டங்களுக்கு ஹோஸை மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும், தலை நனையாமல் முடியாது. பீடத்தின் குழியைச் சிமெந்தால் நிரப்பிக் கூம்பு மாதிரிச் சரித்துவிட்டோம், தண்ணீர் நிற்பதில்லை. பொங்கலுக்குச் சுவர் வெள்ளையாகிறது, இரும்பை அப்பா தொடுவதில்லை. அம்மாவுக்கு மட்டும் அது இன்னும் சரியாகப் படவில்லை, வீடு முழுக்கப் புதிதாக நிற்கும்போது தாங்கிக்கால் பழசாகத் தெரிகிறது என்கிறா.

போன மாசிப் பனி முடிந்தபோது ஏணியில் ஏறிப் பார்த்தேன். வாவிப் பக்கத்து மேல் போல்ட்டுக்குப் பின்னால் பயறு அளவில் ஒரு கொப்புளம். ஊசியால் குத்தினேன், கலங்கிய தண்ணீர் ஒரு சொட்டு வந்தது. அந்த மூலைக்குத் தூரிகை சரியாகப் போகவில்லை என்று அன்றே காக்கா சொல்லியிருந்தார், நான்தான் பரவாயில்லை என்று விட்டேன். கீழே இறங்கி அப்பாவிடம் சொன்னேன். இப்போதே அடித்துவிடவா என்று ஒரு நிமிசம் எழும்பினார். பிறகு உட்கார்ந்து, கச்சான் வரட்டும், அதுவரைக்கும் அந்த இடத்தைக் கழுவிக்கொண்டே இரு என்றார். சோக்குக் கட்டியால் அந்த போல்ட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.